குல்லிக் விளக்கு: மூன்றாவது முயற்சியில் புகையில்லாச் சுடர்

வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்களின் குல்லிக் என்னும் கல்விளக்கை மூன்றாவது முறையாகச் செய்து பார்த்ததில், நேற்றிரவு அது ஒரு சாண் நீளத்துக்குப் புகையின்றி நாற்பது நிமிடம் எரிந்தது. முதல் மாக்கல் குடையும்போதே உள்வெடிப்பில் பிளந்துவிட்டது. விற்றவரோ கையை விரித்துவிட்டார். இப்போதெல்லாம் கல்லை நனைத்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன், ஏனெனில் மற்ற இடம் காய்ந்த பிறகும் வெடிப்பில் ஈரம் கருங்கோடாக நின்று காட்டிக்கொடுத்துவிடும்.

என்னைப் படுத்தி எடுத்தது திரிதான். அகலில் திரியின் நுனி மட்டும் எரிகிறது. குல்லிக்கிலோ பிறை வடிவக் கல்லின் நேர்விளிம்பு முழுவதும் திரி படுத்திருக்க, சுடர் ஒரே வரிசையாக நிற்க வேண்டும். பனிவீட்டுக்குள் வெளிச்சம், சமையல், பனி உருக்கிய குடிநீர், ஈரக் காலணி உலர்த்தல் யாவும் இந்த ஒரே நெருப்பை நம்பியிருந்ததால், புகை வராமல் அதைக் காப்பது அங்கே பெண்களின் தேர்ந்த கலையாக இருந்தது. இனுயிட் மக்கள் பெரும்பான்மையாக வாழும் கனடாவின் நுனவுட் ஆட்சிப்பகுதியின் அரசுச் சின்னத்திலும் இவ்விளக்கு இடம்பெற்றிருப்பதில் வியப்பில்லை.

அவர்கள் பருத்திப்புல்லின் பஞ்சையும் உலர்ந்த பாசியையும் கலந்து திரியாக்குவார்கள். பருத்திப்புல்லுக்குப் பதிலாக நான் எடுத்த எருக்கம்பஞ்சு எண்ணெயை நொடியில் குடித்துவிடுகிறது. ஆனால் அதை மட்டும் வைத்தபோது சுடர் எகிறிக் கூரையில் கரி படிந்தது. வெறும் பாசியோ கருகியதே தவிர எரியவில்லை. மூன்று பங்கு பொடித்த பாசிக்கு ஒரு பங்கு பஞ்சு கலந்து, அரை விரற்கடை உயரத்துக்கு மேல் போகாமல் அழுத்திய பிறகே நெருப்பு அடங்கியது. ஒரு முனையில் பற்றவைத்து, தக்குத் எனப்படும் தூண்டுகோலால் சிறிது சிறிதாக மறுமுனைவரை நகர்த்த வேண்டும். அவசரப்பட்டு நடுவில் கொளுத்தினால் இரண்டு பக்கமும் புகைதான். கல்லின் பின்புறத்தில் ஒரு சில்லைச் செருகி விளிம்பை முன்னால் சற்றுத் தாழ்த்தியதும் எண்ணெய் தானாகவே திரியை வந்தடைந்தது. இதற்கு எனக்கு இரண்டு வாரம் ஆனது!

விளக்கெண்ணெய் தடித்துத் திரியில் ஏறாததால் தேங்காயெண்ணெய்க்கு மாறினேன். அவர்கள் கடல்நாய்க் கொழுப்பை இடித்து விளக்கில் வைப்பார்கள்; சுடரின் சூட்டிலேயே அது உருகிச் சுடருக்குத் தீனியாகும். குளிரூட்டியில் உறைய வைத்த தேங்காயெண்ணெய்க் கட்டியைத் திரிக்குப் பின்னால் வைத்து அடுத்த வாரம் அதையும் பார்த்துவிடப் போகிறேன். கல்லின் அடிப்பாகம் இன்னும் அரம் படாமல் சொரசொரப்பாகவே கிடக்கிறது.