நேத்துதான ஊத்துனீங்க

“அந்தத் தூணுக்கு நேத்துதான தம்பி ஊத்துனீங்க? இன்னிக்கும் எதுக்கு?”

2019 ஜூன். சென்னையின் செம்பரம்பாக்கம் ஏரியும் புழல் ஏரியும் தரை தெரியக் கிடந்த மாதம். கையில் பச்சைக் குடத்தோடு எங்கள் கட்டட சைட்டின் கேட்டுக்கு உள்ளே நின்றிருந்த அந்தம்மாவிடம், “இன்னிக்கும் ஊத்தணும்மா” என்றேன்.

“எத்தினி நாளைக்கு?”

“பத்து நாள்.”

“எங்க தெருவுக்கு லாரி வந்தே எட்டு நாள் ஆவுது.”

சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் கணக்கு மட்டும்தான் சொன்னார்.

அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை இத்தனை வருடமாக மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை அம்மா, ஈரத்தில்தான் இறுகும். கலக்கும்போது ஊற்றிய தண்ணீரே சிமென்ட்டுக்குப் போதும். ஆனால் வெயில் அதை உறிஞ்சிவிட்டால் சிமென்ட் பாதியில் வேலையை நிறுத்திவிடும். நாம் மேலே ஊற்றுவது உள்ளே இருக்கும் ஈரம் ஓடிப்போகாமல் காவல் காக்கத்தான். இதை வாசலில் குடத்தோடு நிற்பவரிடம் சொல்ல முடியுமா என்ன? வாட்ச்மேன் பெரியவரைப் பார்த்து, “ரெண்டு குடம் புடிச்சுக்கட்டும்” என்றேன்.

மறுநாள் பதினாறு குடம் வரிசையில் நின்றது.

கீழே வண்டி நிறுத்துகிற ஸ்டில்ட் தளத்துத் தூண்கள் ஆறு. கான்கிரீட் போட்டு அன்றோடு நாலாவது நாள். தளம் என்றால் பாத்தி கட்டித் தண்ணீரை நிறுத்திவிடலாம், அது பாட்டுக்கு நிற்கும். தூணில் நிற்காது, வழிந்துவிடும். சாக்கு சுற்றி, காலை, மதியம், சாயங்காலம் என்று நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 12,000 லிட்டர் லாரி ஒன்றுக்கு ஆபீஸில் கெஞ்ச வேண்டியிருந்த நேரம் அது. குடங்களுக்குப் போன பிறகு மிச்சம் இருந்தது காலையில் ஒரு தடவைக்குத்தான். பதினொரு மணிக்கெல்லாம் சாக்கு அப்பளம் மாதிரி மொறமொறத்துக் கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் கன்டெய்னர் ஆபீஸுக்குத் திரும்பிவிட்டேன்.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456, சாதாரண சிமென்ட்டுக்கே குறைந்தது 7 நாள் ஈரம் கேட்கிறது. வெயில் காலமென்றால் 10. நாங்கள் போட்டது நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட். அதில் சாம்பல் நிதானமாகத்தான் வேலை செய்யும், அதனால் 14 நாள் வரை நீட்டச் சொல்வார்கள். நான் அந்தம்மாவிடம் சொன்ன பத்தே குறைவுதான்.

தினமும் நனைத்ததைக் குறிக்கும் கியூரிங் ரிஜிஸ்டரில் பத்துக் கட்டத்திலும் டிக் போட்டேன். ஒரே நாள், ஒரே பேனா. குடம் கொடுத்தது இப்போதும் உறுத்தவில்லை. உறுத்துவது அந்த டிக்.

அதே கலவையில் வார்த்த சோதனைக் கட்டிகளை உடைத்துப் பார்க்கும் 28-ஆம் நாள் கியூப் ரிசல்ட் நன்றாகவே வந்தது. வராமல் என்ன? அந்த 150 மி.மீ. கட்டிகள் அச்சிலிருந்து கழற்றியது முதல் தொட்டிக்குள் முழுகிக் கிடந்தவை. கலவை நல்லது என்பதற்குத்தான் அவை சாட்சி. வெளியே வெயிலில் நின்ற தூணுக்கு இல்லை. தூணின் நடுப்பகுதிக்கு ஒன்றும் ஆகியிருக்காது, ஈரம் அங்கே தங்கும். அடி வாங்குவது கம்பிக்கு வெளியே இருக்கும் அந்த 40 மி.மீ. கவர்தான். அது நுண்துளையோடு நின்றுவிட்டால் உப்புக் காற்று கம்பியை எட்டும் நாள் சீக்கிரம் வரும். கட்டடம் விழாது, எனக்குத் தெரியும். இருபது வருடம் கழித்து வெடிப்பு விட்டுத் துரு தெரியலாம், தெரியாமலும் போகலாம். இப்படிச் சொல்லித்தான் தூங்குகிறேன்.

வழியே இல்லாமலும் இல்லை. ஈரச் சாக்கின் மேல் பிளாஸ்டிக் ஷீட்டை இறுக்கிக் கட்டியிருந்தால் அந்த ஒரு வேளைத் தண்ணீரே நாள் முழுக்கத் தாங்கியிருக்கும். ஈரம் போகாமல் மேலே அடிக்கிற கியூரிங் காம்பவுண்ட் கேட்டேன், செலவு என்றார்கள். அதன் மேல் சிமென்ட் பூச்சு ஒட்டாது என்ற பயமும் இருந்தது, அது நியாயம்தான். ஆனால் ஷீட்? சிமென்ட் மூட்டை மூடின ஷீட் ஸ்டோரிலேயே கிடந்தது. குடமா தூணா என்று யோசித்தேனே தவிர, ரெண்டுக்கும் ஆகிற வழி கண்முன்னே மடித்து வைத்திருந்தது தெரியவில்லை. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த செய்தியைப் படித்த அன்றுதான் அந்த ஷீட் ஞாபகம் வந்தது. அதற்குள் பூச்சு வேலை முடிந்திருந்தது.

இப்போது என் சைட்டில் எல்லாத் தூணுக்கும் ஷீட் கட்டுகிறோம். ரிஜிஸ்டரை அன்றன்றைக்கே எழுதச் சொல்கிறேன். ஜூனியர் பையன்கள் என்னைக் கறார் பேர்வழி என்கிறார்கள்.

போன மாதம் அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனவன், அந்த பில்டிங்கின் பார்க்கிங்குக்குள் நுழைந்தேன். கிழக்கு மூலைத் தூண், அதிக வெயில் வாங்கியது, மஞ்சள் கறுப்புப் பட்டை அடித்து நின்றது. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். முக்கால் அங்குலப் பூச்சுக்கு மேல் தட்டினால் என்ன கேட்கும்?

“யாரு சார் வேணும்?” என்றார் செக்யூரிட்டி.

“யாருமில்லீங்க” என்று வெளியே வந்தேன்.