முன் மோட்டார் ஒருவழியாகச் சுற்றிவிட்டது

முன், பின் சக்கரம் இரண்டிலும் மோட்டார் வைத்த என் மின்சார இருசக்கர வண்டியில் நாற்பது கிலோ ஐஸ் பெட்டியை ஏற்றிக்கொண்டு, மண்டபம் பக்கத்து வேதாளைக் கடற்கரை மணலிலிருந்து பனங்காடு வரை நேற்று கால் ஊன்றாமல் வந்துவிட்டேன். இரண்டு மோட்டாரும் சேர்ந்து இழுத்தன. மூன்று வாரப் போராட்டம், மனசு நிறைந்துவிட்டது.

த்ராட்டிலைத் திருகினால் முன் சக்கரம் கடகடவென்று உதறி நின்றுவிடும். கையால் உருட்டிவிட்டால் ஓடும். மோட்டாருக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் கன்ட்ரோலர்தான் போய்விட்டது என்று மதுரையிலிருந்து வேறொன்று வரவழைத்து மாட்டினேன். அதே உதறல். அப்புறம்தான் ஹால் சென்சார் (சக்கரம் எந்த நிலையில் நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்வது) வயர்களில் மல்டிமீட்டர் வைத்தேன். சக்கரத்தை மெதுவாக உருட்டினால் மூன்று சிக்னல் வயரிலும் 0, 5 வோல்ட் என்று மாறி மாறி வர வேண்டும். பச்சையும் நீலமும் சரி. மஞ்சள் மட்டும் 2 வோல்ட்டை விட்டு நகரவில்லை. கனெக்டரைப் பிரித்தால் உள்ளே ஊசி முழுக்கக் களிம்பு! கச்சான் காற்றின் உப்பு ஈரம் அதற்குள்ளும் புகுந்திருக்கிறது.

கனெக்டரையே வெட்டிவிட்டேன். கருத்த கம்பியில் ஈயம் ஒட்டவே மாட்டேன் என்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி, செம்பு பளிச்சென்று தெரிந்த இடத்தில்தான் பற்றவைக்க முடிந்தது. மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க், சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய். வயரை அச்சுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு ஏற்றியிருக்கிறேன். வழிந்து வரும் தண்ணீர் மோட்டாருக்குள் போகாமல் அங்கேயே சொட்டிவிடும். மண்டபத்தில் படகு வயரிங் செய்யும் அண்ணனிடம் வெள்ளீயம் பூசிய செம்பு வயர் இருக்கிறது. விலை கூடத்தான், ஆனால் நம் கரைக்கு அதுதான் தாங்கும். அடுத்து பின் சக்கரத்துக்கும் அதையே இழுக்கப் போகிறேன்.

பேட்டரி 60 வோல்ட், 30 ஆம்பியர்-மணி. இரண்டு கன்ட்ரோலருக்கும் உச்ச கரண்ட் 20 ஆம்பியர் என்று வைத்தபோது முன் சக்கரம் மணலில் வெறுமனே சுழன்று ஹேண்டில்பாரைப் பிடுங்கியது. முன்னுக்கு 12 ஆக்கியதும் அடங்கிவிட்டது. த்ராட்டில் ஒன்றுதான்: சிக்னலும் கிரவுண்டும் இரண்டுக்கும் பொது, 5 வோல்ட் சிவப்பு ஒரு கன்ட்ரோலரிலிருந்து மட்டும். முன்பு பின் மோட்டார் தனியாக இழுத்தபோது கை வைக்க முடியாத சூடு. இப்போது வெதுவெதுப்புதான். கரண்ட் பாதியானால் சுருளில் சூடு கால்வாசியாகிவிடும் என்ற கணக்கைக் கையால் தொட்டே பார்த்துவிட்டேன்.

250 வாட்டைத் தாண்டிய வண்டி, பதிவு இல்லாமல் ரோட்டில் ஏற்றக்கூடாது. அதனால் ஓட்டமெல்லாம் தோப்புக்குள்தான். முன் ஃபோர்க்கில் டார்க் ஆர்ம் (மோட்டார் அச்சு சுழன்று கழலாமல் பிடிக்கும் தகடு) ஒரு பக்கம்தான் போட்டிருக்கிறேன். மறுபக்கத்துக்கு 6 மி.மீ. தகட்டை லேத் மாமாவிடம் கொடுத்தாயிற்று, வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றிருக்கிறார். அதுவரை முழு த்ராட்டில் கிடையாது.