17-ஆம் பட்டை ஒருவழியாகத் தெரிந்துவிட்டது

புரொஜெக்டரைச் சரிசெய்யும் சோதனைப் படத்தோடு (பேட்டர்ன்) மூன்று ராத்திரி போயிற்று. நேற்று பதினொன்றரை மணிக்குக் கறுப்புப் பட்டைகளில் 17-ஆவது லேசாக மினுக்கியது. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டதால் கூப்பிட்டுக் காட்டக்கூட ஆள் இல்லை.

பட்டையின் எண் அதன் ஒளி அளவு. முழுக் கறுப்பான 16 தரையோடு தரையாகக் கிடக்க, 17-லிருந்து 25 வரை மினுக்க வேண்டும். எனக்கு 25 கூடத் தெரியவில்லை. சரி, பிரைட்னஸ்தான் குறைவு என்று ஏற்றினேன். பட்டைகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. அதே சமயம் வெள்ளைப் பக்கத்துப் பட்டைகள் காணாமல் போயின. கான்ட்ராஸ்ட்டை இறக்கினால் அவை திரும்பின, ஆனால் முகங்களெல்லாம் சுண்ணாம்பு பூசினாற்போல ஆயின. மறுபடி பிரைட்னஸ், மறுபடி கான்ட்ராஸ்ட். இப்படியே இரண்டு ராத்திரி. நடுவில் திரையைக் குறை சொன்னேன், கேபிளை மாற்றினேன், பேட்டர்ன் ஃபைலே கோளாறு என்றுகூட முடிவு கட்டினேன்.

கோளாறு எச்டிஎம்ஐ ரேஞ்சில், அதாவது கேபிள் வழியே போகும் ஒளி எண்களின் எல்லையில். வீடியோவில் 16-இல் கறுப்பு, 235-இல் வெள்ளை. என் கம்ப்யூட்டர் அதை 0–255 ஆக விரித்து அனுப்புகிறது. புரொஜெக்டரோ 'ஆட்டோ'வில் இருந்துகொண்டு, வருவது 16–235 தான் என்று நினைத்து இன்னொரு முறை விரிக்கிறது. கணக்குப் போட்டால் வீடியோவின் 25, கம்ப்யூட்டரிலிருந்து வெளியே வரும்போது ஏறக்குறைய 10. புரொஜெக்டருக்கு 16-க்குக் கீழே எல்லாமே கறுப்பு. பிறகு எப்படித் தெரியும்? இந்த 0–255 ரேஞ்சுக்கு ஒரு மெனுவில் 'எக்ஸ்பாண்டட்' என்று பெயர், இன்னொன்றில் 'என்ஹான்ஸ்டு'. 'ஃபுல்' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்! புரொஜெக்டரை அதற்கு மாற்றியதும் பிரைட்னஸ் பழைய இடத்திலிருந்து இரண்டே புள்ளி நகர்த்தியதில் சரியாக வந்து உட்கார்ந்தது.

காட்சிக்கேற்ப ஒளியைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ ஐரிஸை அணைத்துவிட்டுத்தான் இதைப் பார்க்க வேண்டும். கறுப்பு பேட்டர்ன் வந்ததும் அது மூடிக்கொண்டு நம்மை ஏமாற்றும். வெள்ளைப் பக்கம் 234 வரை தெரிந்தால் போதும் என்று விட்டேன். 235-க்கு மேலே உள்ளதைக் கம்ப்யூட்டரே வெட்டிவிடுகிறது, அதைத் தேடிப் பயனில்லை. கான்ட்ராஸ்ட்டை இன்னும் ஏற்றினால் ஒரு கட்டத்தில் வெள்ளையில் மெல்லிய ரோஸ் சாயல் ஏறுகிறது. அங்கிருந்து இரண்டு புள்ளி இறக்கி வைத்தேன்.

அப்புறம் லென்ஸ். சாய்ந்து விழும் படத்தைச் செவ்வகமாக இழுத்துக் காட்டும் கீஸ்டோனை முதலில் பூஜ்யமாக்கினேன். ஒரு பிக்சல் கோடு பேட்டர்ன் போட்டுப் பார்த்தால் கீஸ்டோன் செய்யும் அநியாயம் தெரியும்: நேர்கோடுகளுக்கு நடுவே துணியில் சுருக்கம் விழுந்தாற்போல அலை ஓடும். முன்பக்கம் முட்டுக் கொடுத்த புத்தகத்தை எடுத்துவிட்டு, லென்ஸை மட்டும் நகர்த்தும் லென்ஸ் ஷிஃப்டாலேயே படத்தை ஏற்றினேன். ஃபோகஸ் அரை மணி நேரம் சூடான பிறகுதான். போட்ட உடனே வைத்த ஃபோகஸ், படம் பாதியில் நழுவிவிடுகிறது. ஃபோகஸ் மோட்டாரின் பல்சக்கரத்தில் கொஞ்சம் ஆட்டம் வேறு இருக்கிறது. தாண்டிப் போனால் அப்படியே பின்னால் வராமல், நிறையப் பின்வாங்கி மறுபடி அதே பக்கத்திலிருந்து வந்து நிறுத்த வேண்டும்.

எழுத்து ஓரங்களில் சிவப்பு தெரிந்ததும் சிவப்பு, பச்சை, நீலப் படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தும் பேனல் அலைன்மென்ட்டில் இறங்கி ஒரு மணி நேரம் வீணாக்கினேன். இடது ஓரத்தைச் சரி செய்தால் வலது ஓரம் இரண்டு மடங்காகிறது. பேனல் விலகியிருந்தால் சிவப்பு எங்கும் ஒரே பக்கமாகத்தான் நிற்கும். எனக்கு இடது ஓரத்தில் இடப்பக்கம், வலது ஓரத்தில் வலப்பக்கம், நடுவில் சுத்தம். அது லென்ஸின் குணம், எந்த மெனுவாலும் போகாது. எல்லாவற்றையும் பழையபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன்.

கிரேஸ்கேல், அதாவது சாம்பலில் வேறு நிறம் கலக்காமல் பார்ப்பது, இன்னும் தொடவில்லை. 80 சதவீதச் சாம்பல் கண்ணுக்கே நீலமாகத் தெரிகிறது. அதற்கென்று வாங்கிய நிறத்தை அளக்கும் பழைய கலரிமீட்டர் ஒன்று இருக்கிறது. 'புதுசு மாதிரி' என்று சொல்லி விற்றவர், உள்ளே ஃபில்டர் வெளுத்திருப்பதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நல்லதாக ஒன்று கிடைத்தால் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே ஒளி ஏறும் வளைவான காமாவை 2.2-லிருந்து 2.4-க்குக் கொண்டுபோய்ப் பார்க்க ஆசை, அறை நல்ல இருட்டுதான். சாம்பல் நிறத் திரை வாங்கலாமா என்றும் மனசு அலைபாய்கிறது. லேம்ப் இப்போது ஒளி குறைந்த ஈகோவில் ஓடுகிறது. நார்மலுக்கு மாற்றினால் வெள்ளையின் நிறமே மாறும், இவ்வளவையும் மறுபடி பார்க்க வேண்டிவரும் என்பதால் அந்தப் பொத்தான் பக்கமே நான் போகவில்லை.