பெல்ட் வண்டிக்காரரின் கணக்கு

போன தை மாதம், நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் சித்தப்பா வயலில் சம்பா அறுப்பு. சேறு காயவில்லை, டயர் வண்டி இறங்காது. ஆத்தூரிலிருந்து வந்த பெல்ட் வண்டி, அதாவது டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுவடை இயந்திரம், ஏழு மணி நேரம் ஓடி, இரவு ஒன்பதரைக்கு வேலையை முடித்தது. வாடகை 18,200 ரூபாய்.

சித்தப்பா கியூஆரைப் பிடித்து பின் போட்டார். பாதுகாப்புக் காரணத்துக்காகப் பரிமாற்றம் நிறுத்தப்பட்டது என்று வந்தது. மறுபடி போட்டார், அதே பதில். அடுத்த வயலுக்குப் போக வேண்டிய வண்டி விளக்கை எரியவிட்டபடி நின்றது. "என் காசை நான் கொடுக்கக் கூடாதாம்மா?" என்று என்னைக் கேட்டார். என்னைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. இணையப் பணப் பரிமாற்றத்தில் மோசடியைக் கண்டுபிடிக்கும் நியூரல் நெட்வொர்க் மாடல், அதாவது பழைய பரிமாற்றங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் கணினி நிரல், செய்வதுதான் என் வேலை.

அன்று நிறுத்தியது எங்கள் மாடல் இல்லை. ஆனால் எங்களுடையதும் நிறுத்தியிருக்கும். அது பார்ப்பது என்ன? தொகை, நேரம், போன், பணம் பெறுபவர் புதியவரா, கணக்கின் வழக்கமான போக்கு. இப்படிப் பல எண்களை உள்ளே கொடுத்தால் பூஜ்ஜியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஒரு ஸ்கோர் தரும். நாம் வைத்திருக்கும் எல்லையைத் தாண்டினால் பரிமாற்றம் நின்றுவிடும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். சித்தப்பா கணக்கு மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தது. இரண்டு நாள் முன்பு நகைக் கடன் பணம் வந்து விழுந்தது. இப்போது ராத்திரி நேரத்தில், முன்பின் பணம் அனுப்பியிராத வெளியூர்க்காரருக்குப் பெரிய தொகை. மாடலின் கண்ணுக்கு இது அச்சு அசல் திருட்டு. எங்கள் ஊருக்கு இது அறுப்பு.

போன வருடம் தையிலும் அவர் இப்படித்தான் கொடுத்தார். அதை மாடல் ஏன் பார்க்கவில்லை? வரிசையாக நடப்பதை நினைவில் வைத்துப் படிக்க எல்.எஸ்.டி.எம். என்ற வகை 1997-லிருந்தே இருக்கிறது. ஆனால் உடனுக்குடன் பதில் சொல்ல வேண்டும் என்பதால் நாங்கள் கடைசி 90 நாள் வரலாற்றைத்தான் அதற்குக் கொடுத்து வந்தோம். மாதச் சம்பளக்காரருக்கு 90 நாள் போதும். குறுவை, சம்பா, தாளடி என்று வருடம் ஓடும் ஊரில் 90 நாளில் ஒரு பயிர்கூட முழுதாகத் தெரியாது.

இந்தத் துறைக்கு வருகிற பலரும் முதலில் தொட்டுப் பார்ப்பது ஐரோப்பியக் கார்டுகளின் ஒரு தரவுத்தொகுப்பு. 2013 செப்டம்பரில் இரண்டு நாள் நடந்த 2,84,807 பரிமாற்றங்கள், அதில் மோசடி 492. கண்ணை மூடிக்கொண்டு 'எல்லாம் நல்லதே' என்று சொல்லும் மாடல்கூட அதில் 99.8 சதவீதம் சரி என்று காட்டும். எனவே எத்தனை திருட்டைப் பிடித்தது, பிடித்ததில் எத்தனை உண்மையான திருட்டு என்று பார்க்க வேண்டும் என்று அதில்தான் கற்றுக்கொண்டேன். தவறாகப் பிடிபட்டவர் வரப்பில் எப்படி நிற்பார் என்பதை அன்று ராத்திரிதான் பார்த்தேன்.

பக்கத்து வயல்காரரிடம் கைமாற்று வாங்கி ரொக்கமாகக் கொடுத்தோம். வண்டிக்காரர் தன் போனைக் காட்டி, "எனக்கும் இதே தொல்லைதான்மா, ரெண்டு தடவை கணக்கையே நிறுத்திட்டாங்க" என்றார். வாங்கிப் பார்த்தேன். வலங்கைமான், மன்னார்குடி, பாபநாசம் என்று ஊர் ஊராக, ஒரு தடவை மட்டும் பணம் போட்ட புது ஆட்கள். வந்த பணம் அன்றைக்கே வெளியே போகிறது. மோசடிக்காரர்கள் அடுத்தவர் பெயரில் வாடகைக்கு எடுத்து ஓட்டும் மியூல் கணக்கும் மேலோட்டமாக இப்படித்தான் இருக்கும்.

ஆனால் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். பெட்ரோல் பங்க், வெல்டிங் பட்டறை, டிரைவர் பேட்டா, மாதா மாதம் வண்டிக் கடன் தவணை. மியூல் கணக்கில் வந்த பணம் சில நிமிடத்தில் வேறு நாலைந்து கணக்குக்குப் பிரிந்து ஓடிவிடும். கணக்குகளைப் புள்ளிகளாகவும் பரிமாற்றங்களைக் கோடுகளாகவும் வைத்து, அக்கம்பக்கத்தையும் சேர்த்துப் படிக்கிற கிராஃப் நியூரல் நெட்வொர்க் இந்த வித்தியாசத்தைப் பிடிக்கும். ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் செய்து 2024 டிசம்பரில் அறிவித்த மியூல்ஹன்டர் என்ற ஏஐ கருவியும் இந்த மாதிரிக் கணக்குகளைத் தேடத்தான்.

பணம் பெறும் பக்கத்தைப் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்று எங்கள் தெருப் பெரியம்மா விஷயத்தில் பட்டுத் தெரிந்தது. பென்ஷன் உயிர்வாழ் சான்றிதழ் என்று சொல்லி எவனோ பேசி, அவர் கையாலேயே பின் போட வைத்தான். 24,000 ரூபாய் போய்விட்டது. அவருடைய போன், அவருடைய வீடு, சரியான பின், பட்டப்பகல். அனுப்பும் பக்கத்தில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. பயந்துபோய் மறுநாள்தான் எங்களிடம் சொன்னார். இணைய மோசடிப் புகார் உதவி எண்ணான 1930-க்கு அழைத்தோம், அதற்குள் பணம் கைமாறியிருந்தது. அந்த எண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் போய்க்கொண்டிருக்கும் கணக்கை முடக்க அவ்வளவு வாய்ப்பு. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதைத் தயவுசெய்து சொல்லி வையுங்கள், திட்ட மாட்டோம் என்பதையும் சேர்த்து.

ஊரிலிருந்து திரும்பியதும் குழுவில் இரண்டு விஷயத்துக்காகச் சண்டை போட்டேன். ஒன்று, ஒவ்வொரு கணக்குக்கும் போன வருடம் இதே மாதங்களின் சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்வது. அப்படி வைத்தால் வேகம் குறையாது. இன்னொன்று, ஸ்கோர் நடுத்தரமாக இருந்தால் உடனே நிறுத்தாமல் தமிழில் ஒரு கேள்வி கேட்பது: "இவரை நேரில் பார்த்துதான் பணம் தருகிறீர்களா? போனில் யாராவது அனுப்பச் சொல்கிறார்களா?" பெரியம்மாவிடம் இந்தக் கேள்வியை யாராவது கேட்டிருந்தால் அவர் கை நின்றிருக்கும் என்றே நினைக்கிறேன். முதலாவது இப்போது சோதனையில் ஓடுகிறது. கேள்விக்கு இன்னும் ஒப்புதல் வரவில்லை, நான் விடுவதாக இல்லை.

நேற்று சித்தப்பா பேசினார். குறுவைக்கு அதே ஆத்தூர் வண்டிதான் வருகிறதாம். "இந்தத் தடவை போகுமாம்மா?" என்றார். முன்பணமாக இப்பவே ஒரு 500 ரூபாய் பகலில் அனுப்பிப் பாருங்கள், புது ஆள் என்ற சந்தேகமாவது குறையும் என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப அழைத்தார். போய்விட்டதாம்.