தலைகீழ் வாசிப்பை விட்டேன், பாஸ் ஆனேன்: சீட்டுக்குறித் தேர்வு அனுபவம்

நேற்று மாலை முடிவு வந்தது. சீட்டு போட்டுக் குறி சொல்வதற்கான செய்முறைத் தேர்வில் 60க்கு 51. முதல் தடவை இதே தேர்வில் 19 வாங்கிவிட்டு, இனிமேல் சீட்டையே தொடக்கூடாது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். இரண்டுக்கும் நடுவில் நான் புதிதாகப் படித்தது ரொம்பக் குறைவு. ஒன்றை விட்டேன், அவ்வளவுதான். அடுத்த முறை எழுதப்போகிறவர்களுக்கு அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

விட்டது தலைகீழ் வாசிப்பு. அதாவது, சீட்டு தலைகீழாக விழுந்தால் அதற்கு வேறு பொருள் சொல்வது.

முதல் தடவை நடந்தது இது. வீட்டில் என் சீட்டுக் கட்டில் ஒவ்வொரு சீட்டின் மேல் மூலையிலும் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைத்திருந்தேன். புள்ளி மேலே இருந்தால் நேர், கீழே இருந்தால் தலைகீழ். எட்டு மாதம் அப்படியே பழகினேன். தேர்வில் கொடுத்தது உறை பிரிக்காத புதுக் கட்டு. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மூன்றாவதாக டைமண்ட் 9 விழுந்தது. "தலைகீழாக வந்திருக்கிறது, வர வேண்டிய பணம் தள்ளிப்போகும்" என்றேன். தேர்வாளர் அந்தச் சீட்டை எடுத்தார். ஒரு தடவை திருப்பி என் முன்னால் வைத்தார். மறுபடி எடுத்துத் திருப்பி வைத்தார். "இதில் எது நேர், எது தலைகீழ்? காட்டுங்கள்" என்றார். காட்ட ஒன்றுமே இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு மீதி நான்கு சீட்டுக்கு என்ன சொன்னேன் என்று இன்றுவரை நினைவில்லை.

வீட்டுக்கு வந்து கட்டை மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். நீங்களும் இப்போதே பாருங்கள். வழக்கமான 52 சீட்டுக் கட்டில் தலைகீழ் தெரிகிற சீட்டுகள் இவ்வளவுதான்:

- டைமண்டில் 7 மட்டும்.
- ஆட்டின், கிளாவர், ஸ்பேட் மூன்றிலும் ஏஸ், 3, 5, 6, 7, 8, 9.
- ராஜா, ராணி, ஜாக்கியில் ஒன்றுமில்லை. எல்லாம் இரட்டைத் தலை. எப்படிப் போட்டாலும் ஒன்றுதான்.

மொத்தம் 22. மீதி 30 சீட்டுக்குத் தலைகீழே கிடையாது. இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மனதைச் சொல்லும் ஆட்டினில் ஏழு சீட்டு கவிழலாம், பணத்தைச் சொல்லும் டைமண்டில் ஒன்றே ஒன்றுதான் கவிழும். அப்படியென்றால், புள்ளி வைக்காத கட்டில் தலைகீழ் பார்க்கிறவர் பணக் கேள்விக்கு ஒரு தராசும் மனக் கேள்விக்கு வேறு தராசும் வைத்துக்கொண்டு பேசுகிறார். தேர்வை விடுங்கள், நம்மை நம்பி வந்து உட்காருகிறவருக்கே இது நியாயமில்லை.

தலைகீழ்ப் பொருள் இல்லாத ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. பாரிஸில் எட்டெய்லா என்ற குறிகாரர் 1770இல் வெளியிட்ட புத்தகத்திலேயே நேருக்கு ஒரு பொருள், தலைகீழுக்கு ஒரு பொருள் என்று இருக்கிறது. (அலியெட் என்ற தன் குடும்பப் பெயரின் எழுத்துகளைத் திருப்பிப் போட்டு எட்டெய்லா என்று வைத்துக்கொண்டவர் அவர்.) ஆனால் அவர் கையில் இருந்தது பிக்கெட் என்ற விளையாட்டுக்கான 32 சீட்டுக் கட்டு, கூடவே தனியாக ஒரு சீட்டு. அந்தக் காலத்து ராஜா ராணிக்கு ஒரே தலை, முழு உருவம். கவிழ்ந்தால் பார்த்தவுடன் தெரியும். இரட்டைத் தலை பரவலாக வந்தது 19ஆம் நூற்றாண்டில். கட்டு மாறிவிட்டது, நாம் மட்டும் பழைய பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறோம்.

சரி, அதை விட்டால் சீட்டின் நல்லது கெட்டதை எங்கிருந்து எடுப்பது? பக்கத்துச் சீட்டிலிருந்து. நான் பாஸ் ஆனது இதனால்தான் என்று உறுதியாக நம்புகிறேன். ஒரு சீட்டைத் தனியாக வாசிக்காதீர்கள். இடது பக்கம் என்ன, வலது பக்கம் என்ன என்று பார்க்காமல் வாயைத் திறக்காதீர்கள். டைமண்ட் ஏஸ் என்றால் கடிதம், பத்திரம், மோதிரம். பக்கத்தில் ஆட்டின் ஜாக்கி நின்றால் மோதிரத்தின் பக்கம் போகும். கிளாவர் 10 நின்றால் பத்திரத்தின் பக்கம் போகும். இதற்கு மனப்பாடம் உதவாது. தினமும் மூன்று சீட்டு போட்டு நடுச் சீட்டை மட்டும் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். நான் 90 நாள் எழுதினேன். ரெக்கார்டு நோட்டுக்கும் அதுவே ஆயிற்று.

52 பொருளையும் உருப்போட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கு ஜாதிக்கு நான்கு, எண்ணுக்கும் படத்துக்கும் 13, ஆக 17 விஷயம் மனதில் நின்றால் போதும். மற்றதைப் பெருக்கிக்கொள்ளலாம். ஒரு பத்துச் சீட்டை மட்டும் தனியாகத் தெரிந்துகொள்ளுங்கள், ஆட்டின் 9 ஆசை நிறைவேறும் சீட்டு என்பது மாதிரி. அப்புறம், ஒரே மரபைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆங்கில முறையில் டைமண்ட் பணம், கிளாவர் தொழில். பிரெஞ்சு முறையில் கிளாவர்தான் பணம். இரண்டையும் கலந்தால் எழுத்துத் தேர்விலும் அடி, செய்முறையிலும் அடி.

எழுத்துத் தேர்வு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எனக்கு வந்ததும் பலர் தவறவிட்டதும்:

- லெனார்மண்ட் என்ற குறிச் சீட்டை, பிரெஞ்சுக் குறிகாரி லெனார்மண்ட் அம்மையார் உருவாக்கவில்லை. அவர் 1843இல் இறந்த பிறகு அவர் பெயரை வைத்தார்கள். மூலம் நியூரம்பெர்க்கில் 1799 வாக்கில் ஹெக்டெல் வெளியிட்ட 36 சீட்டு விளையாட்டு.
- டாரட் என்ற படச் சீட்டு எகிப்திலிருந்து வந்தது என்று கதை கட்டியது பிரெஞ்சு எழுத்தாளர் கூர் தெ ஜெபலான், 1781. எட்டெய்லாவின் சாதாரணச் சீட்டுப் புத்தகம் அதற்கு 11 வருடம் முந்தியது.
- ஏஸ் 1, ஜாக்கி 11, ராணி 12, ராஜா 13 என்று கூட்டினால் கட்டு முழுவதும் 364. ஜோக்கரை ஒன்று என்று சேர்த்தால் 365. இது கணக்கு, வரலாறு இல்லை. வரலாறு என்று எழுதாதீர்கள்.
- ஒரே எண் மூன்றோ நான்கோ சேர்ந்து விழுந்தால் அதற்குத் தனிப் பொருள் உண்டு. அந்தப் பட்டியலை மட்டும் உருப்போட்டே ஆக வேண்டும்.

இனி இரண்டாவது தடவை நடந்த செய்முறை. ஏழு சீட்டு வரிசை. குறி கேட்க வந்தவர் நடுத்தர வயதுப் பெண். கட்டை அவர் கையிலேயே கொடுத்துக் கலைக்கச் சொன்னேன், வெட்டச் சொன்னேன். இதை அவசரத்தில் நாமே செய்துவிடுகிறோம், செய்யாதீர்கள். சீட்டுகளைத் திருப்பினேன். நட்டநடுவில் ஸ்பேட் 9. கட்டிலேயே கெட்ட சீட்டு என்று பெயர் வாங்கியது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், மேசை மேல் இருந்த கையை மடிக்கு இழுத்துக்கொண்டார். முதல் தடவையாக இருந்திருந்தால் நோய், இழப்பு என்று ஒப்பித்திருப்பேன். இந்த முறை ஒரு நிமிடம் பேசவே இல்லை. நான் இயல்பிலேயே மெதுவாகப் பேசுகிறவன், எனக்கு அது சரியாக வந்தது. வேகமாகப் பேசிப் பழகியவர்களும் அந்த ஒரு நிமிடத்தை எப்படியாவது பழகிக்கொள்ளுங்கள்.

இடப் பக்கம் ஆட்டின் 10. வலப் பக்கம் டைமண்ட் ஏஸ்.

"ஏதோ ஒரு கடிதத்தையோ பத்திரத்தையோ நினைத்துத் தூக்கம் கெடுகிறது போலத் தெரிகிறது. ஆனால் இந்தப் பக்கம் ஆட்டின் 10 நிற்கிறது. பக்கத்துக் கெட்ட சீட்டின் கடுமையைக் குறைக்கிற சீட்டு இது. வீட்டில் யாரிடமாவது இதைச் சொல்லியிருக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. கை மறுபடி மேசைக்கு வந்தது. ஆட்டின் 10ஐ ஒரு விரலால் தொட்டு, "என் தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லியிருக்கேன்" என்றார். தேர்வாளர் எதையோ குறித்துக்கொண்டார். அடுத்த சீட்டுக்குப் போனேன்.