முனையை எண்ணாதீர்கள், முதலில் கழுத்தைப் பாருங்கள்

ஜூன் பிறந்துவிட்டால் மொரிசியஸின் மேற்குப் பக்கம், ரிவியேர் நுவார், காஸ் நொயால், ஷமரேல் என்று எங்கு பார்த்தாலும் மான் வேட்டைப் பேச்சுதான், செப்டம்பர் வரை ஓயாது. ஒவ்வொரு சீசனிலும் ஒரே விஷயம் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. இன்னும் மூன்று நான்கு வருடம் விட்டால் அருமையான கொம்போடு நிற்கவேண்டிய இளம் ஆண்மான்களை "கொம்பில் ஆறு முனையும் இருக்கு" என்று எண்ணிச் சொல்லிச் சுட்டுவிடுகிறார்கள். சட்டப்படி தப்பில்லை, கறியும் வீணாகப் போவதில்லை, சரி. ஆனால் மந்தைக்கு அது நஷ்டம், அந்த நஷ்டம் அடுத்த சீசனில் தெரியாது, ஐந்தாறு வருடம் கழித்துத்தான் தெரியும்.

இந்த எண்ணுகிற பழக்கம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அங்கே இருப்பது செம்மான். அதன் கொம்பில் புருவத்துக்கு மேல் ஒரு கிளை, அதற்கு மேல் இன்னொன்று, நடுவில் ஒன்று, உச்சியில் கிரீடம் மாதிரி கொத்தாகப் பல முனைகள் என்று வயதோடு சேர்ந்து கிளைகள் கூடிக்கொண்டே போகும். பன்னிரண்டு முனை வந்தால் ஸ்காட்லாந்தில் அதற்கு 'ராயல்' என்று பெயரே உண்டு. அங்கே எண்ணுவதில் அர்த்தம் இருக்கிறது, அங்கேயும் எண்ணிக்கை மட்டும் போதாது என்பது வேறு விஷயம். நம்மிடம் இருப்பது ருசா. 1639இல் டச்சு கவர்னர் ஆட்ரியான் வான் டெர் ஸ்டெல் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்ட மானின் வம்சம், தமிழ்நாட்டு மலைக்காடுகளில் திரியும் மிளாவுக்கு நெருங்கிய உறவு. இதற்குப் பக்கத்துக்கு மூன்று முனைதான்: புருவத்துக்கு மேல் ஒன்று, உச்சியில் கவை பிரிந்து இரண்டு. முதல் கொம்பு கிளையில்லாத வெறும் குச்சி, அந்தக் குச்சியோடு நிற்கிற ஆணை இங்கே டாகே என்போம். அடுத்தடுத்த கொம்புகளில் கிளையும் கவையும் வந்துவிடும். அப்புறம் அந்த மான் எத்தனை வருடம் வாழ்ந்தாலும் ஆறுதான். ஆக நாலு வயதுக்காரனுக்கும் எட்டு வயதுக்காரனுக்கும் ஒரே எண்ணிக்கை. எண்ணி என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம்?

அதனால் கொம்பைப் பார்ப்பதற்கு முன்னால் உடம்பைப் பாருங்கள். வயசு தெரியாமல் கொம்பு நல்லதா மோசமா என்று சொல்லவே முடியாது. இளசுக்குக் கழுத்து மெலிந்து தலை தூக்கியே இருக்கும், வயிறு பின்பக்கம் ஒட்டியிருக்கும், கால் மட்டும் நீளமாகத் தெரியும். முற்றியதற்கு மார்பு இறங்கி, பாரமெல்லாம் முன்னங்கால் பக்கம் போய், நடக்கும்போது தலை முதுகு மட்டத்துக்குத் தாழ்ந்து வரும். ஜூலை, ஆகஸ்டில் இணைசேரும் காலம், அப்போது இளசுக்கும் கழுத்து உப்பி முடி அடர்ந்துவிடுவதால் கழுத்தை மட்டும் நம்பாமல் வயிற்றுக் கோட்டையும் சேர்த்துப் பாருங்கள். அடுத்தது கொம்பு முளைக்கும் அடிக்கட்டை, அதாவது மண்டையோட்டிலிருந்து எழும்பி, முடி மூடிய அந்தச் சின்ன எலும்புத் தூண். இளசில் அது மெலிந்து உயரமாக இருக்கும். ஒவ்வொரு வருடமும் கொம்பு உதிரும்போது அதில் கொஞ்சம் தேய்ந்து போகும். அதனால் வயசாக ஆகக் குட்டையாகி, தடித்து, கொம்பு நெற்றியிலேயே உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். நல்ல பைனாகுலர் இருந்தால் நூறு மீட்டரில் இது தெளிவாகத் தெரியும். எனக்கு இதைவிட நம்பகமான அடையாளம் கிடையாது.

போன சீசனில் அக்கா மகனோடு ஒரு மிராடோரில், அதாவது வேட்டைக்குக் காத்திருக்கும் பரணில், உட்கார்ந்திருந்தேன். சூபாபுல் புதருக்குப் பின்னாலிருந்து ஒரு ஆண்மான் வெளியே வந்து பக்கவாட்டில் நின்றது. கொம்பு முழுக்கப் புல்லும் கொடியும் சுற்றிக்கொண்டு தொங்குகிறது.

"மாமா, எவ்வளவு பெரிய கொம்பு! ஆறு முனையும் இருக்கு, சுடட்டுமா?"

"புல்லை விட்டுட்டுப் பாருடா. அடிக்கட்டை எப்படி இருக்கு?"

கொஞ்ச நேரம் பார்த்தான். "உயரமா இருக்கு மாமா. ஒல்லியாவும் இருக்கு."

"அப்போ?"

துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டான். இணைசேரும் காலத்தில் ருசா தரையைக் கொம்பால் குத்திக் கிளறிப் புல்லை அள்ளிச் சூடிக்கொள்ளும். தூரத்திலிருந்து பார்த்தால் கொம்பு ஒன்றரை மடங்காகத் தெரியும். அந்த மான் தலையை உதறியபோது ஒரு பக்கத்துப் புல் விழுந்தது, உள்ளே இருந்த தண்டு வெளியே தெரிந்தது: அடியில் நல்ல தடிமன், கவை பிரியும் இடம் வரைக்கும் அந்தத் தடிமன் குறையவே இல்லை, புருவ முனை நீளமாக எழும்பி மேல்நோக்கி வளைந்திருந்தது, கவையில் பின்முனை முன்முனையைவிட நன்றாக நீண்டு நேரே மேலே போனது. இளம் வயதில் இப்படி இருக்கிற மானைத்தான் தொடவே கூடாது. இளசில் நான் பார்ப்பது இந்தத் தண்டின் தடிமனைத்தான். நீளம் பின்னால் வரும். அகலத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், பின்பக்கமிருந்து ஓடுகிற மானில் எல்லாக் கொம்பும் அகலமாகத்தான் தெரியும். ஆட்களை விட்டு விரட்டிச் சுடுகிற வேட்டையில் இதையெல்லாம் பார்க்க நேரமே இருக்காது என்பதால், இளசுகளைத் தேர்ந்தெடுக்கிற வேலையை அன்றைக்கு வைத்துக்கொள்வதே சரியில்லை. மிராடோரில் காத்திருந்தோ காற்றுக்கு எதிரே மெல்ல நெருங்கியோதான் செய்யவேண்டும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் ஒரு அநியாயம் நடக்கிறது. கொம்பு சின்னதாக இருந்தாலோ ஒரு பக்கம் கோணினாலோ "ரத்தம் சரியில்லை, எடுத்துவிடு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு வருடக் கொம்பை வைத்து ரத்தத்தைப் பற்றி எப்படிச் சொல்வது? நம் மான்களுக்குக் கொம்பு வளர்வது வருடத்தின் முதல் மாதங்களில், அதாவது புயல் காலத்தில். அப்போது கொம்பு மெத்தென்ற தோல் மூடிய, ரத்தம் ஓடுகிற உயிருள்ள திசு, கிளையில் மோதினாலும் வேலியில் இடித்தாலும் அந்த வருடக் கொம்பு கோணிவிடும். பின்னங்காலில் பலமாக அடிபட்டால் எதிர்ப்பக்கக் கொம்பு கோணி வளர்வதும் மான்களில் தெரிந்த விஷயம்தான். ஆகவே கோணல் கொம்பைப் பார்த்தால் அது நொண்டுகிறதா என்று முதலில் பாருங்கள். மேற்குப் பக்கம் மழை பொய்த்த வருடத்தில் புல்லும் சூபாபுலும் காய்ந்துபோனால் எல்லா இளசுகளின் கொம்பும் சேர்ந்து மெலியும், அதில் தனியாக ஒன்றைக் குற்றம் சொல்ல முடியாது.

ஸ்காட்லாந்தின் ரம் தீவில் செம்மான்களை ஒவ்வொன்றாக அடையாளம் வைத்து 1972 முதல் கவனித்து வருகிறார்கள். கொம்பின் எடையில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் பரம்பரையால் வருவது என்று அங்கே கணக்கிட்டார்கள். மிச்சம் தீனி, நெரிசல், அந்தந்த வருடத்துச் சூழ்நிலை. பெரிய கொம்புள்ள ஆண்களுக்கே அதிகக் குட்டிகள் பிறந்தும், தலைமுறை தலைமுறையாகக் கொம்பு பெரிதாகவில்லை என்பதையும் பார்த்தார்கள். அது வேறு இனம், குளிர் நாடு, அப்படியே இங்கே ஒட்டவைக்க முடியாது. ஆனாலும் டாகேவைக் குச்சி கட்டையாக இருக்கிறது என்று வரிசையாகச் சுட்டுத் தள்ளினால் மந்தை திருந்திவிடும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்கவேண்டும். பிந்திப் பிறந்த குட்டிக்கும், பால் குறைந்த தாயின் குட்டிக்கும் முதல் குச்சி கட்டையாகத்தான் இருக்கும், அடுத்த வருடம் நல்ல தீனி கிடைத்தால் அதுவே தேறி வந்துவிடலாம். குறைக்கத்தான் வேண்டும், நெரிசல் கூடினால் எல்லா மானும் மெலியும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் பெட்டைகளையும், கொம்போடு உடம்பும் சேர்ந்து நலிந்த இளசுகளையும் முதலில் எடுங்கள்.

எஸ்டேட்டில் வேலை பார்க்கிற தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். வருடக் கடைசியில் கொம்பு உதிரத் தொடங்கும்போது கண்ணில் படுவதையெல்லாம் பொறுக்கி, எந்த இடம், எந்தத் தேதி என்று எழுதிக் கட்டி வையுங்கள். அதே மான் அடுத்த வருடமும் பெரும்பாலும் அதே சுற்றுவட்டாரத்தில்தான் உதிர்க்கும், தண்டின் வளைவை வைத்தே இது அவன்தான் என்று கண்டுபிடித்துவிடலாம். சுட்ட ஒவ்வொரு ஆணின் கீழ்த்தாடையையும் சுத்தம் செய்து கொம்போடு சேர்த்துக் கட்டுங்கள், பல் தேய்மானத்தைப் பார்த்தால் நாம் தூரத்திலிருந்து சொன்ன வயசு சரியா என்று அன்றைக்கே தெரிந்துவிடும். சீசன் தொடங்குவதற்கு முன் மே மாதத்திலேயே தீனி போடுகிற இடத்தில் இளசுகளைப் படம் எடுத்து, விடவேண்டியவை எவை என்று மிராடோரில் உட்காரப்போகிற எல்லோரிடமும் காட்டிவிடுங்கள்.