தட்டு வெட்டிய சரிவில் ஹிட்டாச்சியும் வின்ச்சும்

குமரி மாவட்டத்தில் குலசேகரம், ஆலஞ்சோலை, களியல் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் மரம் முறிக்கத் தோதான காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஜூன் மழையோடு புதுக்கன்று நட வேண்டும். அதற்குள் தடி வெளியேறி, குழியும் எடுத்திருக்க வேண்டும். நின்ற இடத்திலேயே 4 அடி, 5 அடித் துண்டாக அறுத்துத் தலைச்சுமையாக ரோட்டுக்கு ஏற்றுவது பழைய முறை. அதற்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்ட நிலையில், வின்ச் (கம்பி ரோப்பைச் சுற்றி இழுக்கும் டிரம்) மாட்டிய ஹிட்டாச்சி கைகொடுக்கிறது. (மண் அள்ளும் எக்ஸ்கவேட்டர் எந்தக் கம்பெனி வண்டியானாலும் நம்மூரில் அது ஹிட்டாச்சிதான்.)

வின்ச் என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை டன் இழுக்கும்?" என்று. அந்தக் கேள்விக்கு இங்கே அவ்வளவு வேலை இல்லை. 90 செ.மீ. சுற்றளவுள்ள 20 அடி ரப்பர் தடி 0.4 கனமீட்டர் வரும். பச்சையில் ஏறக்குறைய 350 கிலோ. மூன்று தடியைச் சேர்த்துக் கட்டினால் ஒரு டன். 30 டிகிரி சரிவில் உரசலையும் சேர்த்தால்கூட அதற்கு வேண்டிய இழுவை ஒரு டன்னுக்குச் சற்றுத்தான் கூடும். 4 டன் வின்ச்சும் 12 மி.மீ. கம்பி ரோப்பும் தாராளம். நல்ல எஃகு உள்சரடு கொண்ட 12 மி.மீ. ரோப் அறுவதற்கு 9 டன் வேண்டும்; இழுவையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும். அதே ரோப்பில் 8 டன் வின்ச்சை மாட்டினால் அந்த மிச்சம் போய்விடும்; தடி சிக்கினால் முதலில் போவது ரோப்தான்.

கேட்க வேண்டிய கேள்வி, வண்டி எப்படி நிற்கிறது என்பது. தோட்ட ரோடு மலையைச் சுற்றிப் போகும், அகலம் 3 மீட்டர். ஆப்பரேட்டர் ரோட்டின் போக்கிலேயே வண்டியை நிறுத்தி, மேற்பகுதியை மட்டும் பள்ளத்துப் பக்கம் திருப்பிக்கொள்வார். அப்போது இழுவை முழுவதும் வண்டியின் பக்கவாட்டில் விழும். 20 டன் வண்டியின் நடுவிலிருந்து ஒரு செயினின் (வண்டி உருளும் இரும்புப் பட்டையின்) மையம் சுமார் 1.2 மீட்டர், தாங்கும் திறன் இரண்டையும் பெருக்கி 24 டன்-மீட்டர். ரோப் போகும் பூம் (வண்டியின் இரும்புக் கை) நுனி 5 மீட்டர் உயரத்தில் இருக்க, வின்ச் 4 டன் இழுத்தால் கவிழ்க்கும் திறன் 20 டன்-மீட்டர். கணக்கில் தப்பியதுபோலத் தெரியும். ஆனால் பூமை நீட்டியிருப்பதால் எடை ஏற்கெனவே பள்ளத்துப் பக்கம் போயிருக்கும். ரோட்டின் வெளிப்பாதி வெட்டிப்போட்ட மண். அதில் செயின் ஒரு சாண் இறங்கினால் மிச்சமிருப்பதும் போச்சு.

செயின்கள் பள்ளத்தை நோக்கி நேராக இருக்க வேண்டும். அப்போது தாங்கும் தூரம் 1.8 மீட்டர், திறன் 36 டன்-மீட்டர். இதற்கு வண்டி நீளத்துக்கு, அதாவது 6 மீட்டர் ஆழத்துக்காவது, மலைப்பக்கம் வெட்டி உறுதியான தளம் எடுக்க வேண்டும். அரை நாள் வேலை. "ஒரு நாலு தடிக்கு இது எதுக்கு" என்று தவிர்க்கிற அரை நாள் அதுதான். தளம் பள்ளத்துப் பக்கம் சாயக் கூடாது. பின்பக்கக் கொளுத்திலிருந்து மேலே உள்ள குற்றிக்கு (வெட்டிய மரத்தின் அடிக்கட்டைக்கு) ஒரு ரோப் கட்டிவிடுவதும் நல்லது. அந்தக் குற்றி இந்த வருடம் முறித்ததாக இருக்கட்டும். ரப்பர் குற்றி சீக்கிரம் உளுத்துவிடும்.

மாட்டும் விதத்தில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. வின்ச்சுக்கு எண்ணெய் பிரேக்கர் லைனிலிருந்து (பாறை உடைக்கும் கருவிக்கான குழாயிலிருந்து) எடுப்பது சரி. மோட்டாரின் கசிவு எண்ணெய்க் குழாயை மட்டும் தனியாக நேரே டேங்குக்கு விட வேண்டும். அதையும் ரிட்டர்ன் லைனில் சேர்த்துவிட்டால் பின்னழுத்தம் ஏறி ஆயில் சீல் பிதுங்கும். இன்னொன்று, பக்கெட் பல்லின் மேலாகவே ரோப்பை ஓடவிடுவது. பக்கெட்டைக் கழற்றி, அது மாட்டியிருந்த இரும்புப் பின்னில் சுழலும் கப்பியை மாட்ட வேண்டும். 12 மி.மீ. ரோப்புக்குக் கப்பி குறுக்களவு 20 செ.மீ.க்குக் குறையக் கூடாது. டிரம்மில் எப்போதும் 5 சுற்றாவது மிச்சம் இருக்க வேண்டும்.

ரப்பர் சரிவின் தனிச் சங்கடம் தட்டு, அதாவது மரம் நடச் சரிவில் படிபோல் வெட்டிய தளம். தட்டுகள் மலைப்பக்கம் உள்சாய்வாக வெட்டப்பட்டவை. மேலே ஏறும் தடி தட்டைக் கடந்து, அடுத்த மேட்டின் அடிமூலையில் மூக்கைக் குத்தி நிற்கும். ஒரு டன் இழுவை அந்த நொடியில் மூன்று, நாலு டன்னாகும். வண்டி முன்னால் குனியும். பூம் உயரம் இதற்குத்தான். 20 மீட்டர் தூரத்தில் தடியின் மூக்கை அது நன்றாகத் தூக்கிக் கொடுக்கும். 60 மீட்டர் தூரத்திலோ ரோப் கிட்டத்தட்டத் தரையோடு தரையாகத்தான் கிடக்கும், உயரத்தால் பலன் இல்லை. அங்கே மூட்டுப்பக்கத்தை (தடியின் அடிப்பக்கத்தை) செயின்சாவால் நாலு பக்கமும் சீவி உருட்டிவிட வேண்டும். தட்டுகளை நேர்குறுக்கே கடக்காமல் சாய்வாக ஏறும்படி தடம் பிடிக்க வேண்டும். மரத்தை முறிக்கும்போதே தலை கீழேயும் மூடு தளத்தைப் பார்த்தும் விழும்படி சரித்தால் பாதி வேலை மிச்சம். ரோப்பின் சுருக்கு, மூட்டிலிருந்து அரை மீட்டர் உள்ளே. தடி சிக்கினால் வின்ச்சை நிறுத்தி, ரோப்பைத் தளர்த்தி, தடியைப் புரட்டிவிட்டுத்தான் மறுபடி இழுக்க வேண்டும். "இன்னும் ஒரு இழுப்பு" என்பதில்தான் ரோப் அறுகிறது.

கீழே சுருக்குப் போடுகிறவருக்கும் மேலே ஆப்பரேட்டருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. வாக்கி-டாக்கி இல்லையென்றால் விசில்: ஒன்று நிறுத்து, இரண்டு இழு, மூன்று தளர்த்து. சுருக்குப் போட்டவர் பக்கவாட்டில் விலகி, தடி இருக்கும் மட்டத்துக்கு மேலே போன பிறகே இழுக்கச் சொல்லும் இரட்டை விசில். இடையில் கப்பி தொங்கவிட்டு ரோப்பைத் திருப்பினால் அந்த மடிப்பின் உள்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. 90 டிகிரி திரும்பினால் கப்பியைக் கட்டிய குற்றியில் விழுவது இழுவையின் 1.4 மடங்கு.

ரோப்பைக் காலையில் கையுறை போட்டு, துணியால் பிடித்து உருவிப் பார்க்க வேண்டும். அறுந்த கம்பி துணியில் மாட்டும். ஒரு முறுக்கு நீளத்துக்குள் 6 கம்பி, அல்லது ஒரே இழையில் 3 கம்பி அறுந்திருந்தால் அந்த ரோப் இழுப்புக்கு ஆகாது. நுனிக் கண்ணியைத் தற்காலிகமாக யூ-கிளாம்ப்பில் போட்டால் மூன்று கிளாம்ப், 7 செ.மீ. இடைவெளி, யூ வளைவு குட்டை வால்மீது, சேணம் சுமை ஏறும் ரோப்மீது. மாற்றிப் போட்டால் சுமை ஏறும் ரோப்பையே அது நசுக்கும். 80 மீட்டர் கம்பி ரோப் 45 கிலோவுக்கு மேல் வரும். அதைத் தோளில் போட்டுச் சரிவில் இறங்குகிறவர் படும் பாட்டை நினைத்து நைலான்போன்ற லேசான ரோப்புக்கு மாறலாம் என்று தோன்றும். பாறை விளிம்பு அதைச் சீக்கிரம் தின்றுவிடும்.

முறிப்புக் காலமும் தேன் காலமும் ஒன்றுதான். ரப்பர் தளிர்க்கும் மாதங்களில் பக்கத்துத் தோட்டங்களில் தேனீப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். செயின்சா இரைச்சலும் தரை அதிர்வும் தேனீயைக் கலைத்தால் ரோப் பிடித்திருக்கிறவர் ஓட முடியாது. முந்தின சாயங்காலமே பெட்டிக்காரரிடம் சொல்லி நகர்த்த வைக்க வேண்டும்.

மில்காரர் முறையிடுவது மண்ணைப் பற்றி. இழுத்த தடியின் தோலில் அப்பிய செம்மண்ணும் கல்லும் பட்டைவாளின் (மில்லின் பேண்ட்சாவின்) பல்லை மழுக்கும்; தடத்தில் கிளைகளைக் குறுக்கே பரப்பினால் இது குறையும், மழையில் தடம் ஓடையாக அரிப்பதும் குறையும். ஒரே தடத்தில் எல்லாத் தடியையும் இழுக்காமல் விசிறிபோல் பிரித்துக்கொள்ளலாம். ரப்பர் தடியில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிய சில நாளிலேயே நீலம் (பூஞ்சைக் கறை) பாய்ந்துவிடும், வண்டும் விழும். அதனால் அன்றன்று லாரி ஏற்றும் அளவுக்கு மட்டும் முறித்து இழுப்பதே கணக்கு. லாரி வராத நாளில் ஹிட்டாச்சி சும்மா நின்றாலும் பரவாயில்லை.